பூடத்தைப் பார்த்துப் பிக்காசோ ஆவது எப்படி?

ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு, நாகர்கோவிலில் கல்யாண ஃப்ளெக்ஸ் வடிவமைத்துக் காலம் தள்ளும் தம்பிமாருக்காக இந்தக் கையேடு. மணமக்கள் முகத்தை வெளுப்பாக்கியே கை சலித்துப் போனவர்கள் படித்துப் பயனடையலாம். முறை புதிதல்ல. 1906, 1907 வாக்கில் பாரீஸில் வாடகை பாக்கி வைத்திருந்த சில ஓவியர்கள் செய்து பார்த்து வெற்றி கண்டது. இன்று அவர்கள் கிறுக்கிப் போட்ட தாளைக்கூடக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். தேவையான பொருட்கள்: ஒரு சாமி, கட்டுரை எழுதத் தெரிந்த ஒரு நண்பர், கொஞ்சம் மறதி. கான்வாஸும் சாயமும் கடனுக்குக் கிடைக்கும்.

முதலில் சாமியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். பஸ் பிடித்து நேராகச் சுசீந்திரம் போய்த் தூணுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து விடுகிறார்கள். தாணுமாலயன் கோவில் உமக்கு ஆகாது ஓய். அங்கே நகக்கண் வரைக்கும் செதுக்கி முடித்து விட்டார்கள், நீர் போய்ச் சேர்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. திருவட்டாறும் வேண்டாம். அங்கே பள்ளிகொண்டிருக்கும் ஆதிகேசவப் பெருமாள் கடுசர்க்கரைக் கூட்டால் ஆனவர். அந்தக் கூட்டில் என்னென்ன சேரும், எந்தப் பக்குவத்தில் சேரும் என்று விசாரிக்க ஆரம்பித்தாலே நீர் ஓவியத்தை விட்டுவிட்டு வைத்தியம் படிக்கப் போய்விடுவீர். மயிலாடிக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். உளிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து சிற்பி தலையை நிமிர்த்தி, "என்ன சாமி வேணும், எத்தனை அடியில?" என்று கேட்டு விடுவார். உமக்கு வேண்டியது விலை சொல்லாத, ஃபோன் நம்பர் கொடுக்காத, முடிந்தால் எப்போதோ செத்துப்போன கலைஞர்.

ஆகவே மாடன் பூடத்துக்குப் போம். நாஞ்சில் நாட்டில் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். வயலைத் தாண்டி, பனைமூட்டுக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்பு பூசிய ஒரு செங்கல் கட்டு. அடி அகன்று, ஏற ஏறக் குறுகி, உச்சி மழுங்கி நிற்கும். மேலே காவிப் பட்டை. கண், மூக்கு, கை, கால் ஒன்றும் கிடையாது. பக்கத்திலேயே பரிவாரங்கள், அதே வடிவத்தில் சின்னதும் பெரிசுமாக.

1904-இல் பிரெஞ்சு ஓவியர் செசான், எமில் பெர்னார் என்ற இளம் ஓவியருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், இயற்கையை உருளையாகவும் கோளமாகவும் கூம்பாகவும் பார்க்கச் சொன்னார். கியூபிசத்தின் பிறப்புச் சான்றிதழாகவே அந்தக் கடிதத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. நம் ஊர்க் கொத்தனாருக்குக் கடிதம் ஒன்றும் வரவில்லை. அவர் தலைமுறை தலைமுறையாக உருவத்தைக் கழித்துக் கழித்து, இனிக் கழிக்க முடியாது என்கிற இடத்துக்கு வந்து, அதற்கு மேல் வெள்ளையும் அடித்து வைத்திருக்கிறார்.

பூடம் பிடிக்கவில்லை என்றால் தோல்பாவை இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்து மண்டிகர் குடும்பங்கள் ஆடிய கூத்து, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் அதைத் தேடித் தேடி எழுதியிருக்கிறார். பாவையின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண் மட்டும் நேரே உம்மை முழுசாகப் பார்க்கும். ராவணனுக்குப் பத்துத் தலையும் ஒரே தோலில், ஒரே தளத்தில். ஒரு பொருளைப் பல கோணத்திலிருந்து ஒரே நேரத்தில் காட்டுவதே கியூபிசம் என்று கல்லூரியில் உம்மைப் பரீட்சை எழுத வைத்தார்களே, அந்தச் சங்கதி இங்கே விளக்கு வெளிச்சத்தில் திரைக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் பாவை வேண்டாம் என்பதே என் யோசனை. பாவைக்கு ஆட்டுகிறவர் இருக்கிறார், அவருக்கு வாய் இருக்கிறது.

இனிப் பெரிய இடைஞ்சலுக்கு வருவோம். உமக்கு மாடனைத் தெரியும். சின்ன வயதில் பாட்டி சொல்லியிருப்பாள்: "உச்ச நேரத்துல அந்தப் பக்கம் போவாத மக்கா, அடிச்சுப் போட்டிரும்." கோவில் கொடைக்கு வீட்டு வரி கொடுத்திருப்பீர். வில்லுப்பாட்டில் சுடலைமாடனின் கதை விடிய விடியக் கேட்டிருப்பீர். சாமியாடுகிற கோமரத்தாடி பந்தத்தோடு சுடுகாட்டுப் பக்கம் ஓடும்போது அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்திருப்பீர். இத்தனையும் தெரிந்தவன் கண்ணில் பூடம் ஒரு 'வடிவமாக'த் தெரியுமா? தெரியாது. மறதி வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

பாரீஸ்காரர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. விளாமிங்க் என்ற ஓவியர் அர்ஜெந்தேய் ஊர்ச் சாராயக் கடை அலமாரியில் ஆப்பிரிக்கச் சிலைகளைக் கண்டு, இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்ததாகத் தாமே எழுதி வைத்திருக்கிறார். பிறகு அவர் கைக்கு ஒரு வெள்ளை முகமூடி வந்தது. காபோன் நாட்டு ஃபாங் மக்களுடையது. நீண்ட முகம், குழிந்த கன்னம், சுண்ணம் போன்ற வெள்ளை மண் பூச்சு. அதை அவருடைய நண்பர் தெரேன் விலைக்கு வாங்கித் தம் ஓவியக்கூடத்துச் சுவரில் மாட்டினார். பிக்காசோவும் மத்தீஸும் அதை அங்கே பார்த்து மலைத்துப் போனதாகக் கதை. 1906-இல் மத்தீஸ் ரென் தெருவில் ஒரு விநோதப் பொருள் கடையில் காங்கோவின் விலி மக்கள் செதுக்கிய சிறு உருவம் ஒன்றை வாங்கி, எழுத்தாளர் கெர்த்ரூட் ஸ்டெய்ன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிக்காசோவிடம் காட்டினார். யாருடைய பாட்டியும் அவர்களிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

அந்த வெள்ளை முகமூடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு அது சட்டென்று பிடிபடும். ஃபாங் மக்களிடம் ங்கில் என்றொரு சங்கம் இருந்தது. சூனியக்காரனையும் குற்றம் செய்தவனையும் தேடிப் பிடிப்பது அதன் வேலை. இரவில், தீவட்டி வெளிச்சத்தில், அந்த முகத்தை மாட்டிக்கொண்டு ஊருக்குள் வருவார்கள். வெள்ளை, செத்தவர்களின் நிறம். பார்த்தவன் நடுங்க வேண்டும் என்றே செய்த முகம். சுடலைமாடன் சுடுகாட்டிலிருந்து வருகிறான், காவல் காக்கிறான், தப்பு செய்தவனை அடிக்கிறான். ஃபாங் கிராமத்தில் நம் பாட்டியை விட்டிருந்தால் அரை மணி நேரத்தில் இன்ன வீதியில் இன்ன நேரம் நடக்கக் கூடாது என்று அவளுக்குப் புரிந்திருக்கும். பாரீஸ் ஓவியர்களுக்குப் புரிந்தது கன்னத்தின் குழிவு. வேடிக்கை என்னவென்றால், பாரீஸில் அந்த முகத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1910 வாக்கில், காபோனை ஆண்ட பிரெஞ்சு நிர்வாகம் ங்கில் சங்கத்தையே தடை செய்தது. ஆடுகிறவனை அடக்கிவிட்டால் முகமூடி தானாகக் கலைப்பொருள் ஆகிவிடும். நீரும் பூடத்தை வரையப் போவதற்கு முன்னால் கொடை நின்றுபோன கோவிலாகப் பார்த்துப் போம். வேலை சுலபம்.

மறதி தானாக வராதவர்கள் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மறப்பதற்கென்றே கட்டின இடம். 1907-இல் பிக்காசோ பாரீஸின் ட்ரோகாதெரோ இனவரைவியல் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார். ஒரே நாற்றம், தூசி, ஆளே இல்லை, ஓடிவிடலாம் போலிருந்தது என்றெல்லாம் பல வருடம் கழித்து எழுத்தாளர் மால்ரோவிடம் சொன்னார். ஓடவில்லை. அந்த முகமூடிகள் வெறும் சிற்பம் அல்ல, மந்திரப் பொருட்கள், கெட்டதை எதிர்த்து நிற்கிறவை என்று தமக்கு அங்கே உறைத்ததாகவும் சொன்னார். கவனியும் ஓய், பாட்டி சொன்னதும் அதுதான். அவருக்கு அது கண்டுபிடிப்பு, உமக்கு அது மூடநம்பிக்கை. கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் உண்டு, தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை உண்டு. நுழைவுச் சீட்டு எடுத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொந்த ஊர்ச் சாமியை அயலூரான் பார்வையில் பார்த்துப் பழகும்.

இப்போது படம். இந்தப் பகுதியில் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இதில் பிக்காசோ செய்தது நிஜமான வேலை. 'அவிஞ்யோன் நங்கையர்' எட்டடி உயரப் படம், ஐந்து பெண்கள். நடுவில் இருப்பவர்களின் முகம் பழைய ஐபீரியக் கல்தலைகளிலிருந்து வந்தது. வலது ஓரத்து இரண்டு பேரின் முகம் மட்டும் வேறு கத்தியால் சீவினது. மூக்கு ஆப்பு வடிவில் ஒரு பக்கமாக இழுக்கிறது, கன்னத்தில் நிழலுக்குப் பதில் கீறல் கீறலாகக் கோடு. எந்த முகமூடியிலிருந்தும் அப்படியே பெயர்த்து எழுதியதல்ல. கண்ணுக்குத் தெரிவதை வரைவதா, ஒரு முகம் என்றால் இன்னின்ன அடையாளம் வேண்டும் என்று வைத்து அமைப்பதா என்ற கேள்வியில் அவர் இரண்டாவது பக்கம் தாவினார்.

1912-இல் அது இன்னும் தெளிவாகியது. மார்செய் நகரில் அவர் கிரெபோ முகமூடி ஒன்று வாங்கினார். மேற்கு ஆப்பிரிக்கச் சரக்கு. தட்டையான பலகை, அதில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு உருளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நிஜத்தில் கண் குழிக்குள் இருப்பது. செதுக்கினவர் அதைத் துணிந்து வெளியே தள்ளி விட்டார். ஆனாலும் பார்க்கிறவனுக்கு அது கண்தான். அதே வருடம் பிக்காசோ அட்டையை வெட்டி ஒட்டி ஒரு கிட்டார் செய்தார். கிட்டாரின் ஓட்டையை ஓட்டையாக வைக்காமல் வெளியே நீட்டின குழாயாக வைத்தார். இந்த யோசனை அந்த முகமூடியிலிருந்து வந்தது என்று அவருடைய வியாபாரி கான்வைலர் அடித்துச் சொன்னார். இல்லாததை இருப்பதாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றினாலும் பொருள் பொருளாகவே நிற்கும் என்பது ஐரோப்பியச் சிற்பத்துக்குப் பெரிய செய்தி. கிரெபோ தச்சருக்கு அது தொழில்.

ஆகவே பூடத்தை அப்படியே நகலெடுக்காதேயும். நிற்கிறவன் உடம்பு எங்கே போனது, இருந்தும் யாரோ நிற்பது போல ஏன் இருக்கிறது என்று யோசியும். அகன்ற அடி உடம்பின் பாரத்தைச் சொல்கிறது, மழுங்கின உச்சி தலையின் இடத்தைச் சொல்கிறது, காவிப் பட்டை முகம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. இவ்வளவு பிடிபட்டால் உம் படத்தில் ஒரு பெண்ணையோ பனையையோ முப்பந்தல் காற்றாலையையோ அதே கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம். முப்பந்தலில் இசக்கி அம்மன் கோவிலைச் சுற்றிக் காற்றாலைகள் முளைத்து நிற்பதை இன்னும் யாரும் சரியாக வரையவில்லை என்பது என் தனிப்பட்ட குறை.

மாதிரிப் பொருளை வீட்டுக்குக் கொண்டு வருவது பற்றி ஒரு எச்சரிக்கை. பிக்காசோ பயன்படுத்திய ஐபீரியத் தலைகளில் இரண்டு லூவர் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டவை. கவிஞர் அப்போலினேரிடம் செயலாளராக ஒட்டிக்கொண்டிருந்த ஜெரி பியரே என்ற பெல்ஜியக்காரர் 1907-இல் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து விற்றார். 1911 ஆகஸ்டில் மோனாலிசா காணாமல் போனது. போலீஸ் தேட ஆரம்பித்ததும் இவர்களுக்கு வயிறு கலங்கியது. பிக்காசோவும் அப்போலினேரும் தலைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சென் ஆற்றங்கரையில் நள்ளிரவில் அலைந்து, போடத் துணியாமல் திரும்பி வந்ததாக பிக்காசோவுடன் அப்போது வாழ்ந்த ஃபெர்நாந்த் ஒலிவியே எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு பத்திரிகை அலுவலகம் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போலினேர் சில நாள் சிறையில் இருந்தார். நம் ஊரில் சிலைக் கடத்தல் தடுப்புப் போலீஸ் இருக்கிறது, பழையாற்றில் போட்டு மறைக்கிற அளவுக்குத் தண்ணீரும் எப்போதும் இருக்காது. பூடத்தின் நல்ல குணம், அதைத் தூக்க முடியாது.

அடுத்தது, கட்டுரை எழுதுகிற நண்பர். பாரீஸில் அப்போலினேர் செய்த வேலை. நாகர்கோவிலில் இதற்குப் பஞ்சமே இல்லை, சிறுபத்திரிகை வளர்த்த ஊர். டீக்கடையில் நிற்கிற நாலு பேரில் ஒருவர் கோட்பாடு படித்தவராக இருப்பார். 'புனிதத்தின் வெளியேற்றம்', 'விளிம்பின் வடிவியல்' என்று ஏதாவது தலைப்பு வைத்து, பூடத்தைப் பூடம் என்று சொல்லாமல் மூன்று பக்கம் எழுதித் தருவார். படித்து உமக்கே புரிந்தால் திருப்பிக் கொடுத்து விடும்.

பெயர் வந்த பிறகு மறுக்க வேண்டும். 1920-இல் ஒரு பத்திரிகை ஆப்பிரிக்கக் கலை பற்றிக் கேட்டபோது பிக்காசோ அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிற பாணியில் கையை விரித்து விட்டார். வீடு நிறைய முகமூடி வைத்திருந்தவர்.

இந்த வழியில் போகாதவர்களும் உண்டு என்பதை நியாயத்துக்காகச் சொல்லி வைக்கிறேன். எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்து வந்து, பிறகு 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டத்தையும் ஏட்டு எழுத்தையும் கான்வாஸில் ஏற்றினார். நமக்குத் தலைமாட்டில் கிடந்த சாமான். ஐரோப்பியன் ஆப்பிரிக்காவுக்குப் போன தூரத்தை இவர் ஜோசியர் வீட்டுத் திண்ணைக்குப் போய்க் கடந்தார். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அங்கே இருந்த ஜே. சுல்தான் அலி பஸ்தர் பழங்குடி உருவங்களிலிருந்து தம் மொழியைச் செய்துகொண்டார். போபாலில் 1982-இல் பாரத் பவன் திறந்தபோது ஓவியர் ஜெ. சுவாமிநாதன் இன்னொரு படி மேலே போனார். கோண்டுக் கிராமத்திலிருந்து ஜன்கர் சிங் ஷியாம் என்ற இளைஞரை அழைத்து வந்து, நவீன ஓவியர்களுக்குச் சமமாக, பெயரோடு மாட்டினார். நீர் சுவாமிநாதனைப் பின்பற்றக் கூடாது. பெயர் கேட்கிற பழக்கம் ஆரம்பித்தால் இந்தக் கையேடு முழுவதும் பாழ்.

பெயர் விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ளும். 1924-இல் லண்டன் வெம்ப்ளி கண்காட்சிக்கு நைஜீரியாவின் இக்கெரே அரண்மனையிலிருந்து செதுக்கிய கதவு ஒன்று வந்தது. பிரமாதம் என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம் கேட்டது. பதிலுக்கு அந்த அரசருக்கு இங்கிலாந்தில் செய்த சிம்மாசனம் ஒன்று போனது. கதவைச் செதுக்கியவர் அப்போது உயிரோடு இருந்தார். இசே ஊர்க்காரர், பெயர் ஒலோவே. அவர் ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது, அவர் கைத்திறனைப் புகழ்கிற பாட்டே உண்டு. லண்டனுக்கு அந்தப் பெயர் தெரிய வெகுகாலம் ஆயிற்று. பெயர் தொலைந்துபோகவில்லை. யாரும் கேட்கவில்லை. 'பெயர் அறியப்படாத கலைஞர்' என்று அட்டையில் எழுதுகிறவர், தாம் விசாரிக்கவில்லை என்பதைத்தான் அத்தனை மரியாதையாக எழுதுகிறார்.

ஆகவே உம் கண்காட்சிப் புத்தகத்தில் பூடத்தின் புகைப்படத்துக்குக் கீழே 'நாட்டார் வடிவம், காலம் தெரியவில்லை' என்று போட்டு விடும். போன கொடைக்கு முன்னால் பழையது இடிந்து, புதிதாகக் கட்டினது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கட்டின கொத்தனார் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். சிமென்ட் எத்தனை மூட்டை, கூலி எவ்வளவு என்று கமிட்டி நோட்டில் கணக்கே இருக்கும். அந்த நோட்டைப் பக்கத்தில் வர விடாதேயும்.

பாரீஸ்காரனை ஏசுகிறவர்களுக்கும் இந்த இடத்தில் வாயடைத்துப் போகும். படம் விற்று, பேப்பரில் உம் ஃபோட்டோ வந்த மறுநாள் கோவில் கமிட்டி வீட்டுக்கு வரும். "தம்பி நம்ம சாமிய வச்சு நல்லா வந்திருக்கு, ஏதாவது செய்யணும்லா." குறைந்தபட்சம் ஒரு டியூப்லைட். அதன் மேலேயே உம் பெயரும் உம் அப்பா பெயரும் சிவப்புப் பெயின்டில் 'உபயம்' என்று ஏறிவிடும், வெளிச்சம் பாதியாகக் குறையும். கிரானைட் பலகையில் அன்னதானத்துக்கு அரிசி தந்தவர், ஸ்பீக்கர் தந்தவர், பெயின்ட் டப்பா தந்தவர் எல்லாரும் இருப்பார்கள். பூடம் கட்டினவரை அதில் தேடாதேயும்.

அந்தக் கொத்தனார் உம் கண்காட்சிக்கே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். வருவார், உம் அப்பா சொல்லி அனுப்பியிருப்பார். படத்தின் முன்னால் வெகுநேரம் நிற்பார். "எடது பக்கம் சாஞ்சிருக்கே, தூக்குக் குண்டு போட்டுப் பாக்கலியா?" என்பார். அது நவீன ஓவியம் என்று சொல்லும். சரி என்று தலையாட்டுவார். உம் மனசாட்சி அந்த நேரம் பார்த்துக் குறுகுறுத்து, "அண்ணாச்சி, அடுத்த புஸ்தகத்துல ஒங்க பேரப் போடட்டுமா?" என்று கேட்க வைக்கும். "பேரு போட்டா கூலி உண்டுமா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். உண்டு என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதேயும், கேலரிக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.